ட்ரைசெப்ஸுக்கு ஐந்து பேர் ஐந்து யோசனை: எதை எடுக்க, எதை விட?

கேள்வி:

அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு வயசு 23, எடை 60 கிலோ. தாராவியில 90 அடி ரோட்டுப் பக்கம் இருக்கோம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பாகூட இட்லி வியாபாரம். விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து அடுப்பு வேலை, அப்புறம் சைக்கிள்ல பாத்திரத்தைக் கட்டிக்கிட்டு மாதுங்கா, தாதர் வரைக்கும் லைன் போவேன். மதியம் தூங்கி எழுந்து சாயங்காலம் ஜிம். சேர்ந்து மூணு மாசம் ஆகுது. பைசெப்ஸ் கொஞ்சம் வந்திருக்கு, ஆனா கை மொத்தமா பெருக்கல. ட்ரைசெப்ஸ் பண்ணுன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா ஆளுக்கொண்ணு சொல்றாங்க. ட்ரெய்னர் பெஞ்ச் டிப்ஸ்ங்கிறார். ஒரு கூட்டாளி ஸ்கல் க்ரஷர்ங்கிறான், இன்னொருத்தன் கேபிள் புஷ்டவுன் போதும்ங்கிறான். மொபைல்ல ஒரு வீடியோ டைமண்ட் புஷ்அப்தான் நம்பர் ஒன்னுங்குது, இன்னொரு வீடியோ கிக்பேக்குங்குது. ஒரு நாள் அஞ்சையும் சேர்த்துப் பண்ணிட்டேன். மறுநாள் சட்டை மாட்டக்கூட கையைத் தூக்க முடியல. பெஞ்ச் டிப்ஸ் பண்ணினா வலது தோள் முன்பக்கம் குத்துது. எங்க ஜிம்ல ஒரே ஒரு கேபிள் மெஷின்தான், சாயங்காலம் வரிசை நிக்கும். வீட்ல 5 கிலோ டம்பெல் ரெண்டு இருக்கு. நான் எதை எடுக்கட்டும்? புரோட்டீன் பவுடர் வாங்கணுமா?

பதில்:

அன்புத் தம்பிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம். இரண்டே பயிற்சிகளை எடுங்கள். ஒன்று, கேபிள் மெஷினின் மேல் கப்பியிலிருந்து தொங்கும் பிடியைக் கீழே தள்ளும் புஷ்டவுன். இன்னொன்று, உட்கார்ந்தபடி டம்பெல்லைத் தலைக்கு மேல் பிடித்துச் செய்யும் ஓவர்ஹெட் எக்ஸ்டென்ஷன். கேபிளில் இடம் கிடைக்காத நாளில் அதற்குப் பதிலாகக் கைகளைச் சற்றுக் குறுக்கி வைத்துத் தண்டால் எடுங்கள். பெஞ்ச் டிப்ஸை இன்றோடு விட்டுவிடுங்கள். ஸ்கல் க்ரஷரும் கிக்பேக்கும் இப்போதைக்கு வேண்டாம். எடுத்த இரண்டையும் மூன்று மாதம் மாற்றாமல் செய்யுங்கள்.

உங்களுக்கு யோசனை சொன்னவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து பயிற்சிகளுமே ட்ரைசெப்ஸுக்கு வேலை கொடுப்பவைதான். ஆனால் உங்கள் தோளையும் உங்கள் ஜிம்மையும் உங்கள் வேலை நேரத்தையும் பார்த்து அவர்கள் யாரும் சொல்லவில்லை. புதிதாகத் தொடங்குகிற ஒருவருக்கு ஒரு பயிற்சி பொருந்துமா என்று நான் பார்க்கும்போது, மூட்டில் வலியில்லாமல் அதைச் செய்ய முடிகிறதா, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட முடிகிறதா என்றுதான் பார்ப்பேன். இந்த இரண்டும் அமையாவிட்டால் எத்தனை பேர் புகழ்ந்தாலும் அந்தப் பயிற்சி உங்களுக்கு வேண்டாம்.

மேற்கையின் பின்பக்கம் முழுக்க ட்ரைசெப்ஸ்தான். பைசெப்ஸைவிடப் பெரிய தசை. கண்ணாடியில் முன்னால் தெரிவது பைசெப்ஸ் என்பதால் ஜிம்முக்கு வரும் பையன்கள் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். கை மொத்தமாகப் பெருக்க வேண்டுமென்றால் பின்பக்கமும் வளர்ந்தாக வேண்டும். உங்கள் கூட்டாளிகள் அந்த விஷயத்தில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தத் தசைக்கு மூன்று தலைகள், அதாவது தனித்தனி இடத்தில் தொடங்கும் மூன்று பகுதிகள். இரண்டு தலைகள் மேற்கை எலும்பிலேயே தொடங்குகின்றன. மூன்றாவதான நீளத் தலை மட்டும் தோள்பட்டை எலும்பில் தொடங்கி, தோள் மூட்டையும் தாண்டிக் கீழே வருகிறது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து, நாம் மேஜையில் ஊன்றுகிற அந்த முழங்கை முனை எலும்பில் போய்ப் பற்றிக்கொள்கின்றன. முழங்கை ஒரு கதவுக் கீல் மாதிரி, மடக்கலாம், நீட்டலாம். அதை நீட்டுவதுதான் மூன்று தலைகளுக்கும் பொதுவான வேலை. எனவே பெயர் எதுவாக இருந்தாலும், ட்ரைசெப்ஸ் பயிற்சி என்றால் மடங்கிய முழங்கையைப் பாரத்துக்கு எதிராக நீட்டுவதுதான். அப்படி நீட்டும்போது மேற்கை எங்கே இருக்கிறது என்பதில்தான் பயிற்சிக்குப் பயிற்சி வித்தியாசம். உடம்போடு ஒட்டித் தொங்குகிறதா, முன்னால் நீட்டியிருக்கிறதா, தலைக்கு மேலே இருக்கிறதா, முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறதா என்று பாருங்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்பதில் பாதி அங்கேயே தெளிந்துவிடும்.

புஷ்டவுனில் மேற்கை விலாவோடு ஒட்டி அசையாமல் நிற்கிறது. தோளுக்கு எந்தச் சிரமமும் இல்லை. உங்களைப் போலத் தோளில் குத்தல் இருக்கிறவருக்கு முதலில் இதைக் கொடுப்பதன் காரணம் அதுதான். பாரம் கை நழுவி மேலே விழவும் வழியில்லை, விட்டால் தட்டுகள் கீழே உட்கார்ந்துகொள்ளும். மெஷினுக்கு ஓர் அடி பின்னால் நின்று, இடுப்பிலிருந்து லேசாக முன்சாய்ந்து, முழங்கைகளை விலாவோடு சேருங்கள். கயிறாக இருந்தாலும் நேர்க் கம்பியாக இருந்தாலும் சரி, மணிக்கட்டு வலிக்காதது எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கை முழுதாக நீளும்வரை கீழே தள்ளி, பிறகு இரண்டு மூன்று விநாடி எடுத்துக்கொண்டு மெதுவாக மேலே விடுங்கள். முன்கை மேற்கையை நெருங்கி மடியும்வரை விட வேண்டும். பாதியில் திரும்புவதுதான் பெரும்பாலான ஜிம்களில் நான் பார்க்கும் தவறு. பாரம் அதிகமானதும் முழங்கை முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும், உடம்பு மொத்தமும் கம்பியின் மேல் படுக்கும். அப்படி ஆனால் ஒரு தட்டைக் குறைத்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் மெஷினில் எழுதியிருக்கும் எடை அந்த மெஷினுக்கு மட்டுமே உரியது. கப்பியின் அமைப்பைப் பொறுத்து ஒரு மெஷினில் 20 கிலோ இன்னொன்றில் 10 கிலோ போல இலேசாக இருக்கும். பக்கத்து ஜிம்மில் கூட்டாளி 40 போடுகிறான் என்றால் அதை உங்கள் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

இனி ஓவர்ஹெட் எக்ஸ்டென்ஷன். இதை உங்கள் ஐந்து பேரில் ஒருவருமே சொல்லவில்லை, எனக்கு அது ஆச்சரியமாக இருக்கிறது. நீளத் தலை தோள் மூட்டைத் தாண்டி வருகிறது என்றேன் அல்லவா? கையைத் தலைக்கு மேலே தூக்கி முழங்கையை மடக்கினால் அந்தத் தலை இரு முனையிலும் இழுபட்டு நன்றாக நீள்கிறது. அப்படி நீண்ட நிலையில் பாரத்தைத் தாங்கி வேலை செய்யும்போது தசை அதிகம் வளர்கிறது. ஜப்பானில் மாயெயோ என்ற ஆய்வாளர் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். 21 பேர், 12 வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், தடவைக்கு ஐந்து செட் (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றுதான் ஒரு செட்). ஒரே ஆள் ஒரு கையால் தலைக்கு மேலே கேபிள் எக்ஸ்டென்ஷன் செய்தார், மற்றக் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு செய்தார். சாப்பாடு, தூக்கம், பரம்பரை எல்லாம் இரண்டு கைக்கும் ஒன்று என்பதால் இந்த ஒப்பீடு எனக்கு நம்பிக்கை தருகிறது. முடிவில், தலைக்கு மேலே செய்த கையில் ட்ரைசெப்ஸ் மொத்தமாக 19.9 சதவீதமும், மற்றக் கையில் 13.9 சதவீதமும் வளர்ந்திருந்தது. நீளத் தலையை மட்டும் பார்த்தால் 28.5, 19.6. தலைக்கு மேலே செய்த கை தூக்கிய எடை குறைவுதான், இருந்தும் வளர்ச்சி அதிகம். மேலே செய்யும்போது எடை குறைகிறதே என்று வருத்தப்படுகிற பையன்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

நம் ஊர்ப் பயில்வான்கள் கர்லாக்கட்டை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டை தலைக்குப் பின்னால் இறங்கும்போது முழங்கை மடங்கி மேலே நோக்கி நிற்கும், பிறகு அங்கிருந்து வீசி எழும். ட்ரைசெப்ஸின் நீளத் தலை நீண்ட நிலையில் வேலை செய்வதற்கு அது பழைய உதாரணம். நீங்கள் கர்லா எடுக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அதற்குக் கற்றுத்தர ஆள் வேண்டும், தாராவி வீடுகளில் சுற்றுவதற்கு இடமும் கிடைக்காது.

உட்கார்ந்து செய்யும் முறை இது. முதுகுச் சாய்வு உள்ள பெஞ்சில் உட்கார்ந்து, பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, ஒரே டம்பெல்லை இரண்டு உள்ளங்கையாலும் அதன் மேல் தட்டின் அடியில் தாங்கித் தலைக்கு மேலே நீட்டுங்கள். முழங்கையை மட்டும் மடக்கி, டம்பெல்லைக் கழுத்துக்குப் பின்னால் மெதுவாக இறக்குங்கள். பின்கையில் இழுவை நன்றாகத் தெரியும் இடம் வரும். அங்கே ஒரு கணம் நிறுத்தி, பிறகு மேலே நீட்டுங்கள். முழங்கைகள் காதோடு ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, சற்று விரிந்தாலும் பரவாயில்லை. இடுப்பு வில்லாக வளையக் கூடாது. டம்பெல்லின் தட்டு திருகாணியில் நிற்பதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் இறுக்கிப் பார்த்துவிட்டுத் தூக்குங்கள். அது உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். உங்கள் தொழிலைப் பற்றி எழுதியிருக்காவிட்டால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். தினமும் பாரம் கட்டிய சைக்கிளில் குனிந்து ஹேண்டில்பாரை அழுத்திக்கொண்டு போகிறீர்கள், அதற்கு முன் அடுப்படியில் குனிந்த வேலை. இப்படி உழைப்பவர்களுக்கு மேல்முதுகு இறுகி, கையை நேராகத் தலைக்கு மேல் கொண்டுபோக முடியாமல் இருப்பது உண்டு. சுவரில் முதுகும் பின்னிடுப்பும் படும்படி நின்று, இரண்டு கைகளையும் முன்பக்கமாக நேரே மேலே தூக்குங்கள். இடுப்பு சுவரை விட்டு எழாமல் மேற்கை காது வரைக்கும் வந்தால் ஓவர்ஹெட் தாராளமாகச் செய்யலாம். பாதியில் நின்றாலோ வலது தோளில் அந்தக் குத்தல் வந்தாலோ இப்போதைக்குக் கையை அவ்வளவு உயர்த்த வேண்டாம். அப்போது கேபிளுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு காலை முன்வைத்துச் சாய்ந்து, மேற்கை நெற்றி உயரத்தில் முன்னோக்கி இருக்கும்படி கயிற்றை இழுத்து நீட்டுங்கள். அதே பலனில் பெரும்பகுதி கிடைக்கும், தோளும் தப்பிக்கும்.

பெஞ்ச் டிப்ஸ் ஏன் வேண்டாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வலி அங்கிருந்துதான் வருகிறது. பெஞ்சில் கைகளைப் பின்னால் ஊன்றி உடம்பை இறக்கும்போது மேற்கை முதுகுக்குப் பின்னால் போகிறது. தோள் மூட்டில் கை பின்பக்கம் போவதற்கு இயல்பான எல்லை 50, 60 பாகை அளவுதான். முன்பக்கமோ 180 பாகை வரை போகும். பெஞ்ச் டிப்ஸில் ஆழமாக இறங்கும்போது அந்தச் சின்ன எல்லையின் கடைசிக்கே போய்விடுகிறோம், அதுவும் உடல் பாரத்தோடு. கைகள் பெஞ்சில் ஊன்றி நகர முடியாமல் இருப்பதால் தோள் உள்பக்கமாகத் திரும்புகிறது, மேற்கை எலும்பின் உருண்டை முன்னோக்கித் தள்ளப்படுகிறது. முன்பக்கத்தில் இருக்கும் சவ்வும் பைசெப்ஸின் தசைநாணும் அந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்கின்றன. நீங்கள் 'முன்பக்கம் குத்துது' என்று எழுதிய இடம் அதுவே. ஏற்கனவே சைக்கிளில் தோள் முன்னால் வளைந்திருக்கிறவருக்கு இது சீக்கிரம் வரும்.

இதைச் செய்து ஒன்றும் ஆகாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் ட்ரெய்னரும் அப்படி ஒருவராக இருக்கலாம், அதனால்தான் நம்பிச் சொல்கிறார். ஆனால் மெஷின் தேவையில்லை, பெஞ்ச் போதும் என்ற வசதிக்காக இந்தப் பயிற்சியைப் புதியவர்களுக்குக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. தோளின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வரும் இளைஞர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. ட்ரெய்னரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்: "சார், இதுல தோள் குத்துது, இது இல்லாம வேற கொடுங்க." நல்ல ட்ரெய்னர் மறுக்க மாட்டார். வலியோடு பழகிக்கொள் என்று சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். இரட்டைக் கம்பியில் செய்யும் டிப்ஸ் வேறு, அதில் கைகள் உடம்புக்குப் பக்கத்தில் இருக்கின்றன. தோள் நன்றாகத் தேறி, தண்டால் இருபது இருபத்தைந்து சுலபமாக வந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

ஸ்கல் க்ரஷர் நல்ல பயிற்சிதான், காலம் வரும்போது செய்யுங்கள். மல்லாந்து படுத்துக் கம்பியை நெற்றிக்கு இறக்குவது. பக்கத்தில் பிடிக்க ஆள் இல்லாமல், மூன்று மாத அனுபவத்தில், கூட்டம் நெரியும் சாயங்கால ஜிம்மில் அதற்கு அவசரமில்லை. நேர்க் கம்பியில் மணிக்கட்டும் முழங்கையும் பலருக்கு வலிக்கிறது. பிறகு எடுக்கும்போது வளைந்த கம்பியோ இரண்டு டம்பெல்லோ வைத்து, நெற்றிக்கு இறக்காமல் தலைக்குப் பின்னால் இறக்குங்கள்.

கிக்பேக்கில் குனிந்து நின்று முன்கையைப் பின்னால் நீட்டுகிறோம். முன்கை தொங்கும்போது டம்பெல்லின் பாரம் ட்ரைசெப்ஸுக்குக் கிட்டத்தட்ட இல்லை. முழுதாக நீட்டிய கடைசி இடத்தில்தான் பாரம் ஏறுகிறது, அங்கே தசை சுருங்கிக் குறுகியிருக்கிறது. நீண்ட நிலையில் வேலை வேண்டும் என்று மேலே பார்த்தோமே, அதற்கு இது நேர் எதிர். தப்பில்லை, ஆனால் இரண்டே பயிற்சிக்கு இடம் இருக்கும்போது இதற்கு ஓர் இடத்தைக் கொடுக்க மாட்டேன்.

டைமண்ட் புஷ்அப்தான் முதலிடம் என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சிலுக்காக விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாகத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2011-இல் வெளியானது. 15 பெண்களை எட்டு ட்ரைசெப்ஸ் பயிற்சிகள் செய்யவைத்து, தசையில் ஓடும் மின்துடிப்பைத் தோலின் மேல் ஒட்டிய மின்முனைகளால் அளந்தார்கள். கைகளை முக்கோணமாக வைத்துச் செய்த புஷ்அப் முதலில் வந்தது. கிக்பேக்கும் டிப்ஸும் அதை ஒட்டி வந்தன. வீடியோக்காரர்கள் அந்தப் பட்டியலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த ஆய்வு அளந்தது அந்தக் கணத்தின் மின்துடிப்பை. மூன்று மாதம் செய்தால் தசை எவ்வளவு வளரும் என்பதை அது அளக்கவில்லை. ஜப்பான் ஆய்வு அளந்தது வளர்ச்சியை. உங்களுக்கு வேண்டியதும் வளர்ச்சிதான், அதனால் இரண்டாவதையே நான் கையில் எடுக்கிறேன்.

புஷ்அப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. சாதாரணத் தண்டாலில் உடல் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவு கைகளில் இறங்குகிறது. 60 கிலோ என்றால் 40 கிலோ அளவு. விரல்களை முக்கோணமாகச் சேர்த்தால் மணிக்கட்டும் முழங்கையும் அதிகமாகத் திருகும், பலருக்கு ஐந்தாறுக்கு மேல் ஒழுங்காக வராது. கைகளைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்கைகள் விலாவை உரசிக்கொண்டு பின்னால் போகும்படி எடுத்தால் ட்ரைசெப்ஸுக்கு வேண்டிய வேலை கிடைத்துவிடும். தரையில் பத்து வரவில்லை என்றால் பெஞ்சில் கை ஊன்றி எடுங்கள். கேபிளில் வரிசை நிற்கிற நாளுக்கு இதுதான் கைகொடுக்கும். வரிசையில் நிற்பவரிடம் "மாறி மாறி போடலாமா" என்று கேட்பதும் ஒரு வழி. இரண்டு செட்டுக்கு நடுவே எப்படியும் இரண்டு நிமிடம் ஓய்வு வேண்டும், அந்த நேரத்தில் அவர் ஒரு செட் முடித்துவிடுவார்.

எவ்வளவு செய்வது? வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. திங்கள், வியாழன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் ஒவ்வொன்றிலும் இரண்டு செட், பிறகு மூன்று. படுத்துக் கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், தோளிலிருந்து மேலே தள்ளும் ஷோல்டர் பிரஸ் செய்கிற நாளில் ட்ரைசெப்ஸ் அங்கேயும் உழைக்கிறது, அதனால் இதற்கு மேல் தேவையில்லை. பிரஸ் வகைகளை முதலில் முடித்துவிட்டுக் கடைசியில் ட்ரைசெப்ஸுக்கு வாருங்கள். முதலிலேயே அதைக் களைப்பாக்கிவிட்டால் பெஞ்ச் பிரஸில் கை நடுங்கும். புஷ்டவுனில் செட்டுக்கு 8 முதல் 12 முறை, ஓவர்ஹெட்டில் 10 முதல் 15 முறை. இன்னும் இரண்டு தடவை ஒழுங்காக வரும் என்று தெரியும்போதே நிறுத்துங்கள்.

கூட்டுவதில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறித்த எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலாக வரத் தொடங்கினால் எடையை 2 முதல் 10 சதவீதம் வரை ஏற்றலாம் என்கிறது. ஆனால் ஜிம்மில் டம்பெல் 5 கிலோவுக்கு அடுத்து 7.5 கிலோ என்று இருந்தால் அது ஒரே தாவலில் 50 சதவீதம். கேபிளில் 15-லிருந்து 20-க்குப் போனால் 33 சதவீதம். பெரிய தசைக்கு அது பரவாயில்லை, முழங்கை ஒன்றையே நம்பி நடக்கும் பயிற்சிக்கு அது அதிகம். அதனால் எடைக்குப் பதிலாக முதலில் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 5 கிலோ டம்பெல்லில் 10 வருகிறதா, 12 ஆக்குங்கள், 15 ஆக்குங்கள், இரண்டு நாள் தொடர்ந்து எல்லா செட்டிலும் 15 வந்த பிறகு 7.5-க்குப் போங்கள். அங்கே 8 அல்லது 9 தான் வரும், கவலை வேண்டாம், திரும்ப அங்கிருந்து ஏறுங்கள். உங்கள் வீட்டு டம்பெல் முதல் சில வாரங்களுக்குப் போதும், ஜிம்முக்குப் போக முடியாத நாளில் ஓவர்ஹெட்டை வீட்டிலேயே முடித்துவிடலாம். தேதி, எடை, எண்ணிக்கை மூன்றையும் எழுதிவையுங்கள். கணக்கு நோட்டு வியாபாரத்துக்கு ஏற்கனவே இருக்கும், அதன் கடைசிப் பக்கம் போதும்.

முதல் சில வாரங்களில் எடை வேகமாக ஏறும், கை அளவு மாறாது. நரம்புகள் தசையைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளும் காலம் அது. தசை பெருப்பது அதற்குப் பின்னால் வரும். மாதம் ஒரு முறை, காலையில், ஒரே இடத்தில் டேப் வைத்து அளங்கள். ஜிம் முடிந்த கையோடு அளந்தால் ரத்தம் பாய்ந்து உப்பிய அளவுதான் தெரியும்.

ஐந்தையும் ஒரே நாளில் செய்து மறுநாள் கை தூக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பழகாத தசை வலிப்பது இயல்பு. ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் நாள், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய் அடங்கும். அப்படி வலித்தால்தான் வளரும் என்ற பேச்சை நம்பாதீர்கள். ஆனால் கை வீங்கி விறைத்து மடக்கவே முடியாமல் போய், சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அளவுக்கு மீறிச் சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. மும்பையின் புழுக்கத்தில், தகரக் கூரையின் கீழ் இருக்கும் மாடி ஜிம்மில், தண்ணீர் குடிக்காமல், புதிதாகச் சேர்ந்தவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்தால் அது வர வாய்ப்பு உண்டு. பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போங்கள்.

வேறு சில அறிகுறிகளையும் கவனியுங்கள். முழங்கையின் பின்பக்கம், எலும்புக்குச் சற்று மேலே தொட்டால் வலித்தால் தசைநாண் சிரமப்படுகிறது. எடையைக் குறைத்து, அந்த வாரம் ஒரு நாளை விடுங்கள். மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் மரத்துப்போவது, ஊசி குத்துவது போல இருப்பது முழங்கையின் உள்பக்கம் போகும் நரம்பு அழுத்தப்படுவதால் வரும். சைக்கிள் ஹேண்டில்பாரை நெடுநேரம் அழுத்துகிறவர்களுக்கு உள்ளங்கைப் பக்கமிருந்தும் இதே மரப்பு வரும், ஆகவே வந்தால் ஜிம்மை மட்டும் குறை சொல்லாமல் ஹேண்டில்பாரில் பிடியையும் மாற்றிப் பாருங்கள்.

பவுடர் பற்றிக் கேட்டீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரை, சாதாரணமாக வாழ்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். உங்களுக்கு 50 கிராம். எடைப் பயிற்சி செய்து தசை வளர்க்க நினைப்பவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் இருக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். உங்களுக்கு அது 96 கிராம். விற்கிற இட்லியையே காலையும் இரவும் சாப்பிட்டு முடித்துவிடுகிறீர்கள் என்றால் அந்த அளவு வராது, ஓர் இட்லியில் ஏறத்தாழ இரண்டு கிராம்தான். முட்டையில் ஆறு. நாளுக்கு மூன்று நான்கு முட்டை, மதியம் கெட்டியான பருப்போ சுண்டலோ மீனோ, இரண்டு டம்ளர் பால், ஒரு கிண்ணம் தயிர் என்று பிரித்து வைத்தால் பெருமளவு நெருங்கிவிடலாம். அதற்கு மேல் குறைந்தால், பணமும் இருந்தால், பவுடர் வாங்குவதில் தவறில்லை. கடன் வாங்கி வாங்க வேண்டாம்.

அதைவிட எனக்குக் கவலை உங்கள் தூக்கம். மூன்று மணிக்கு எழுகிறவர் இரவு ஒன்பதுக்குள் படுத்தாக வேண்டும், மதியமும் ஒன்றரை மணி நேரமாவது தூங்க வேண்டும். மதியத் தூக்கம் கெட்ட நாளில் ஜிம்முக்குப் போனால் ஒரு செட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது போகாதீர்கள்.

வலது தோளுக்கு முதலில் இரண்டு வாரம் கொடுங்கள். பெஞ்ச் டிப்ஸ் கூடாது, பெஞ்ச் பிரஸிலும் கம்பியை நெஞ்சு தொடும்வரை இறக்காமல் நாலு விரல் மேலேயே நிறுத்துங்கள். ட்ரைசெப்ஸுக்குப் புஷ்டவுன் மட்டும். அதோடு கேபிளையோ ரப்பர் பேண்டையோ நெஞ்சுக்கு நேராக இழுத்துத் தோள்பட்டைகளைப் பின்னால் சேர்க்கும் பயிற்சியை இரண்டு செட் போடுங்கள். சைக்கிள் ஹேண்டில்பார் தாழ்ந்திருந்து அதற்கு எட்டிக் குனிய வேண்டியிருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். இரண்டு வாரத்தில் குத்தல் போய்விட்டால் ஓவர்ஹெட்டை 5 கிலோவோடு சேர்த்துக்கொள்ளலாம். போகவில்லை என்றாலோ, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்றாலோ, கையைத் தூக்கவே சிரமம் என்றாலோ, உங்களுக்குப் பக்கத்திலேயே சயான் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. காலை வெளிநோயாளர் பிரிவில் முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் பிசியோதெரபிக்கு எழுதிக்கொடுப்பார். அன்றைக்கு மட்டும் லைனுக்கு வேறு யாரையாவது அனுப்பிவிட்டுப் போங்கள்.